வேலைக்காகக் கட்டிய வீடு



விடுமுறைக் காலம் நெருங்கினால் போதும், நம் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களில் பாதி பயணக் கடிதங்களாகிவிடும். அவற்றில் ஒரு கேள்வி மட்டும் ஆண்டுதோறும் தவறுவதே இல்லை. “காட்டுக்குள் ஒரு ராத்திரி தங்க வேண்டும். வெள்ளைக்காரர் காலத்து ஃபாரஸ்ட் பங்களாவாக இருந்தால் இன்னும் நல்லது. ஏ.சி. இருக்குமா? போன் எடுக்குமா? யானை, புலி எல்லாம் கட்டாயம் பார்க்கலாமா?”

“இல்லை, எடுக்காது, சொல்ல முடியாது” என்று நான்கே வார்த்தைகளில் பதில் எழுதிவிடலாம். கேட்டவர் முகம் வாடிப்போகும். கொஞ்சம் விவரமாகச் சொன்னால், ஏ.சி. இல்லாத அந்த வீட்டில் ஓர் இரவாவது தங்கியே தீர வேண்டும் என்று உங்களுக்கே தோன்றலாம். அந்த நம்பிக்கையில்தான் இந்த மாதம் இந்தப் பக்கத்தைக் காட்டு பங்களாவுக்கு ஒதுக்கியிருக்கிறேன்.

இந்த வீடுகளை விருந்தாளிகளுக்காக யாரும் கட்டவில்லை. வேலைக்காகக் கட்டினார்கள். அந்த வேலை என்ன என்று தெரிந்துகொண்டு போனால் வீட்டின் ஒவ்வொரு மூலைக்கும் அர்த்தம் விளங்கும்.

கதை தேக்கிலிருந்து தொடங்குகிறது. கப்பல் கட்ட மேற்குத் தொடர்ச்சி மலையின் தேக்கு வேண்டியிருந்தது. பிறகு ரயில் வந்தது. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. தண்டவாளத்துக்கு அடியில் போடும் சிலீப்பர் கட்டைக்கும் மரம், எஞ்சினின் அடுப்புக்கும் மரம். கண்ணுக்கு எட்டிய தூரம் வெட்டிக்கொண்டே போனால் ஒருநாள் காடு தீர்ந்துவிடும் என்ற பயம் கும்பினியாருக்கே வந்துவிட்டது. ரயிலுக்கு முன்பே, 1848-இல், ஆனைமலைக் காட்டு வேலையைக் கவனிக்க ஜேம்ஸ் மைக்கேல் என்ற ராணுவ அதிகாரியை அமர்த்தினார்கள். 1856-இல் ஹ்யூ கிளெக்ஹார்ன் சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலரானார். அவர் தொழிலால் மருத்துவர், ஆர்வத்தால் தாவரவியலாளர். 1858-இல் ஆனைமலையின் உயர்ந்த பகுதிகளுக்கு ஏறிப் பார்த்து, அங்கே கண்டதையெல்லாம் எழுதியும் வைத்தார். 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. காட்டுக்கு எல்லைக் கல் நட்டார்கள். எந்த ஆண்டு எந்தப் பகுதியில் எத்தனை மரம் வெட்டலாம் என்று திட்டம் போட்டார்கள்.

திட்டத்தை மேசையில் உட்கார்ந்து போட்டுவிடலாம். மரத்தை எண்ண, காட்டுக்குள் நடக்கத்தான் வேண்டும். ரேஞ்சரும் மேலதிகாரியும் மாதத்தில் பல நாள் ‘கேம்ப்’ போனார்கள். கூடாரமும் அரிசி மூட்டையும் கோப்புக் கட்டும் சுமந்துகொண்டு ஆட்கள் கூடவே வந்தார்கள். ஒருநாள் நடைத் தொலைவில் இரவு தங்க ஓரிடம் வேண்டும். அந்தத் தேவைக்குக் கட்டியவைதான் இந்தப் பழைய பங்களாக்கள். தண்ணீருக்குப் பக்கம், யானைத் தடத்துக்கு விலகி, நாலாபக்கமும் பார்வை எட்டும் மேட்டில் இருக்கும். நான்கு பக்கமும் வராந்தா, குளிருக்கு ஒரு கணப்பு, தீப்பொறி வீட்டில் விழாதபடி தள்ளிக் கட்டிய சமையற்கட்டு. பல பங்களாக்களைச் சுற்றி யானை தாண்டாதபடி அகழி வெட்டியிருப்பார்கள். அழகுக்கென்று வைத்த பொருள் அநேகமாக ஒன்றும் இருக்காது. ஆனாலும் அந்த வீடுகள் அழகாகவே இருக்கின்றன.

தமிழ்நாட்டில் இந்த வரலாற்றைக் கண்ணால் பார்க்க நல்ல இடம் டாப்சிலிப். பொள்ளாச்சியிலிருந்து வேட்டைக்காரன்புதூர், சேத்துமடை வழியாக மலையேறினால் வந்துவிடும். வெட்டிய கட்டைகளை இந்த உச்சியிலிருந்து சரிவில் சறுக்கிவிட்டுத்தான் கீழே சேர்த்தார்கள். இடத்தின் பெயரும் அதிலிருந்து வந்ததே. இங்கே மவுண்ட் ஸ்டூவர்ட் என்ற பகுதியில், தேக்கு மரங்களுக்கு நடுவே ஒரு கல்லறை இருக்கிறது. ஹ்யூகோ வுட் என்ற வன அதிகாரியின் கல்லறை அது.

வுட் இங்கே வந்தபோது பல சரிவுகள் மொட்டையாகக் கிடந்தன. வெட்டுகிற மரத்தை வேரோடு பிடுங்காமல், அடிக்கட்டையை விட்டுவைத்துத் துளிர்க்க விடுங்கள் என்றார். எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் கோடரி விழாதபடி முறை வைத்தார். சட்டைப் பை நிறையத் தேக்கு விதையை எடுத்துக்கொண்டு கிளம்புவார், கைத்தடியின் நுனியால் மண்ணில் குழி போட்டு விதையை இட்டுக்கொண்டே நடப்பார் என்று ஆனைமலையில் இன்றும் சொல்கிறார்கள். 1933-இல் குன்னூரில் இறந்தார். அவர் விருப்பப்படியே உடலை இங்கே கொண்டுவந்து, அவர் வளர்த்த மரங்களுக்கு நடுவில் அடக்கம் செய்தார்கள். கல்லறையில் ஒரு லத்தீன் வாசகம் உண்டு. என் நினைவுச் சின்னத்தைத் தேடுகிறவர்கள் சுற்றிலும் பாருங்கள் என்பது அதன் பொருள். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில், அதைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென்னின் கல்லறையருகே இருக்கும் அதே வாசகம். அங்கே சுற்றிலும் பார்த்தால் கல் கட்டடம். இங்கே நிமிர்ந்து பார்த்தால் தேக்கு.

வுட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் அநேகமாக இந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு முடித்துவிடுவார்கள். இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அந்தத் தேக்கை வெட்டியவர்கள், கட்டையை இழுத்த யானைகளை ஓட்டியவர்கள், அதிகாரிக்கு முன்னால் வழிகாட்டி நடந்தவர்கள் காடர், மலசர், மலைமலசர் போன்ற மலைமக்கள். எந்த மரம் எங்கே நிற்கிறது, எந்த ஓடை எந்த மாதம் வற்றும் என்று அதிகாரிக்குச் சொன்னவர்கள் அவர்கள்தான். எல்லைக் கல் நட்ட அன்று, தங்கள் சொந்தக் காட்டில் தேனெடுக்கவும் கிழங்கு தோண்டவும் அனுமதி கேட்க வேண்டிய நிலைக்கு வந்தவர்களும் அவர்களே. 2006-இல் நாடாளுமன்றம் இயற்றிய வன உரிமைச் சட்டம், இது வரலாற்று அநீதி என்று தன் முகவுரையிலேயே ஒப்புக்கொண்டது. அந்த மக்களில் ஒருவருக்குக்கூட அங்கே வுட்டின் கல்லறை போல ஒரு கல் நட்டதாகத் தெரியவில்லை. பங்களா வராந்தாவில் சாய்ந்து உட்காரும்போது, அந்த வீட்டுக்குக் கல்லும் ஓடும் சுமந்து வந்த தோள்கள் யாருடையவை என்று ஒரு கணம் யோசித்துப் பார்க்கலாம்.

ஆனைமலையின் பழைய பங்களா ஒன்றில் ஒரு தை மாதக் கடைசியில் தங்கினேன். அந்தியில் சோதனைச்சாவடி மூடுவதற்குள் ஏறிவிட வேண்டும் என்பது விதி. போய்ச் சேர்ந்ததும் ஒரு பதிவேட்டை நீட்டினார்கள். பெயர், பதவி, வந்த நேரம், போகும் நேரம், வந்த நோக்கம் என்று கோடு போட்ட பக்கங்கள். பழைய பக்கங்களைப் புரட்டினால் நோக்கம் என்ற கட்டத்தில் மரக்குறி போட, தீக்கோடு பார்க்க, கணக்கெடுப்பு, ரோந்து என்றுதான் வருகிறது. பின்னால் வரவர ‘சுற்றுலா’ கூடுகிறது. நானும் அதையே எழுதினேன்.

இரவுச் சாப்பாடு சோறு, தக்காளி ரசம், சுட்ட அப்பளம். எட்டரை மணிக்கு வாட்சர் வந்து, “சாப்பிட்டாச்சுங்களா? இனி கதவைத் திறக்காதீங்க. டார்ச்சை வெளியே அடிக்காதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கதவு இரண்டாள் சேர்ந்து தூக்க வேண்டிய கனமான தேக்குக் கதவு. இரும்புத் தாழ்ப்பாளில் கைபட்டுக் கைபட்டு நடுப்பகுதி மட்டும் பளபளத்தது. விளக்கை அணைத்ததும் காடு பேச ஆரம்பித்தது. முதலில் பக்கிக் குருவி. அது ஓய்ந்ததும் முற்றத்தில் யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடப்பது போல ஒரு சத்தம். நின்றது, மறுபடியும் வந்தது. ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தால் ஆளையே காணோம். தேக்கிலை விழுகிறது! தை, மாசியில் தேக்கு இலையுதிர்க்கும். முறம் அகலத்து இலை ஒவ்வொன்றாகக் கிளையில் மோதி, சருகின்மேல் இறங்கும் ஓசை அது. அதற்குப் பழகிக் கண்ணயரும் நேரத்தில் சரிவிலிருந்து ஒரு கடமான் கத்தியது. அடிவயிற்றிலிருந்து வரும் ஒற்றைச் சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. பிறகு ஜன்னலுக்கு மிக அருகில் கனமாக மூச்சு விடுவதும் புல்லை இழுத்து மெல்லுவதும் கேட்டது. அதற்குமேல் எனக்குத் தூக்கமில்லை.

விடிந்ததும் வாட்சரிடம் கேட்டேன். குளம்புத் தடத்தைக் காட்டிச் சிரித்தார். “காட்டுமாடுங்க சார். ஒத்தை ஆண் மாடு. தினமும் வருமுங்க. இங்கே புல்லு நல்லா இருக்குது, வெளிச்சமும் சத்தமும் இல்லீங்களே.”

“கடமான் கத்தியதே, புலியா?”

“சிறுத்தையா இருக்கலாமுங்க. செந்நாயைப் பார்த்தாலும் கத்துமுங்க. பார்க்காம எப்படிச் சொல்றது?”

அந்தப் பதில் எனக்கு மிகவும் பிடித்தது. காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர், புலிதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் ஊரெல்லாம் சொல்லி மகிழ்ந்திருப்பேன். அவர் பார்க்காததைச் சொல்லவில்லை. யானை, புலி கட்டாயம் தெரியுமா என்று கேட்கும் வாசகர்களுக்கு அவர் பதிலையே என் பதிலாகவும் தருகிறேன். இரண்டும் அங்கே இருக்கின்றன. உங்களுக்குக் காட்சி தரும் கடமை அவற்றுக்கு இல்லை. காலையில் வராந்தாவிலேயே உட்கார்ந்திருங்கள். கருமந்தியின் கூவல் பள்ளத்தாக்கு முழுவதும் எதிரொலிக்கும். இருவாச்சி பறந்தால் பார்ப்பதற்கு முன்னாலேயே இறக்கைச் சத்தம் கேட்கும். தரையில் தேக்கின் இளந்தளிர் கிடந்தால் எடுத்து உள்ளங்கையில் கசக்கிப் பாருங்கள், கை சிவந்துவிடும். குழந்தைகளுக்கு அது போதும், ஒருநாள் பொழுது போய்விடும்.

இந்த வீடுகளின் வேலை இன்று வேறு. 1976-இல் ஆனைமலை சரணாலயமானது. இன்று புலிகள் காப்பகம். 1988-இன் தேசிய வனக் கொள்கை, காட்டை வருமானமாகப் பார்ப்பதைப் பின்னுக்குத் தள்ளிச் சூழல் சமநிலையை முன்னே வைத்தது. கோழிகமுத்தி முகாமில், கட்டை இழுத்த யானைகளின் இடத்தில் இப்போது கும்கி யானைகள் இருக்கின்றன. ஊருக்குள் வரும் காட்டு யானையைத் திருப்பி அனுப்புவது அவற்றின் பணி. அந்த முகாமின் கலீம் என்ற கும்கி 2023-இல் பணி ஓய்வு பெற்றபோது வனத்துறையினர் வரிசையில் நின்று மரியாதை செலுத்தியதைப் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். மரத்தை எண்ணிய இடத்தில் இன்று புலியை எண்ணுகிறார்கள். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தானியங்கிக் கேமரா வைத்து, உடம்பின் வரிகளை ஒப்பிட்டுக் கணக்கெடுக்கிறார்கள். 2006-இல் தமிழ்நாட்டில் 76 புலிகள் என்று மதிப்பிட்டார்கள், 2022-இல் 306. அந்தக் கேமராவை மரத்தில் கட்ட நடந்தவர்கள், மாசி பிறக்கும் முன் சருகைக் கூட்டித் தீத்தடுப்புக் கோடு வெட்டியவர்கள், கள்ள வேட்டைக் கம்பிக் கண்ணியைத் தேடித் தேடி எடுத்தவர்கள் எல்லாம் ஃபாரஸ்ட் கார்டுகளும் வாட்சர்களும்தான். அவர்களில் நிறையப் பேர் அந்தப் பழைய மலைமக்களின் பேரப்பிள்ளைகள்.

ஆகவே நாம் தங்கப் போவது ஒரு ஓட்டலில் அல்ல, நடந்துகொண்டிருக்கும் ஒரு வேலையிடத்தில். கதவைப் பூட்டச் சொல்வதும், ஆறு மணிக்குமேல் வண்டி எடுக்கக் கூடாது என்பதும், மது, பிளாஸ்டிக் கூடாது என்பதும் நம்மைச் சிரமப்படுத்தப் போட்ட விதிகள் அல்ல. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரை நம்மால் மறக்க முடியுமா? கோடையில் காட்டுவழி நடையை நிறுத்தி வைத்தால், விடுமுறை வீணாகிப்போனதே என்று அந்த வாட்சரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

இனி என் மனக்குறை. சில ஆண்டுகளுக்கு முன் நான் பார்த்து ஆசைப்பட்ட ஒரு பழைய பங்களாவுக்கு அண்மையில் திரும்பப் போனேன். ‘புதுப்பித்திருக்கிறோம்’ என்றார்கள். மங்களூர் ஓடு போய்த் தகரக் கூரை வந்திருந்தது. தேய்ந்து வழவழத்த பழைய தரைமேல் வழுக்கும் டைல்ஸ். தேக்கு ஜன்னலைப் பிடுங்கிவிட்டு அலுமினியச் சட்டம். கணப்பை அடைத்து அந்த இடத்தில் டி.வி. நீண்ட கையுள்ள சாய்வு நாற்காலி எங்கே என்று கேட்டேன், ஏலத்தில் போய்விட்டது என்றார்கள். முற்றத்தில் வெள்ளை விளக்கு இரவெல்லாம் எரிந்தது. காட்டுமாடு வரவில்லை. எந்த இடம் என்று இங்கே எழுதவில்லை. ஓரிடம் என்றால் பெயர் சொல்லலாம். இது ஒரு பழக்கமாகவே மாறிக்கொண்டிருக்கிறது.

இதில் பாதிப் பங்கு நம்முடையது. ஏ.சி. இல்லையா, டி.வி. இல்லையா என்று நாம்தான் கேட்கிறோம். புகார்ப் புத்தகத்தில் அதையே எழுதுகிறோம். அதைப் படிக்கும் அதிகாரி, மக்கள் கேட்கிறார்கள் என்று கோப்பில் குறித்து டெண்டர் விடுகிறார். ஓட்டல் வசதி வேண்டுமென்றால் பொள்ளாச்சியில் நல்ல ஓட்டல்கள் இருக்கின்றன; காலையில் கிளம்பினால் மாலைக்குள் காட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம். காட்டு பங்களாவில் தங்குவதென்றால் அதன் இருட்டையும் குளிரையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

வனத்துறைக்கு ஒரு வேண்டுகோள். கோவில்களையும் கோட்டைகளையும் பாதுகாப்பதற்கு வல்லுநர்கள் இருக்கிறார்கள், விதிமுறைகள் இருக்கின்றன. நூறாண்டு கண்ட காட்டு பங்களாக்களையும் அந்தக் கண்ணோடு பாருங்கள். ஒழுகும் ஓட்டை மாற்றுங்கள், கழிவறையைச் சுத்தமாக வையுங்கள், மின்கம்பியைச் சரிசெய்யுங்கள். சுவரையும் கதவையும் விட்டுவிடுங்கள். பழைய பதிவேடுகளைக் கரையான் தின்னும் முன் படமெடுத்து ஆவணக் காப்பகத்தில் சேருங்கள். எந்த ஆண்டு எங்கே தீப்பிடித்தது, எந்த மாதம் எந்த விலங்கு தென்பட்டது என்று அதிகாரிகள் கைப்பட எழுதிய குறிப்புகள் ஆய்வாளர்களுக்கு நாளைக்கு மிகவும் தேவைப்படும். வீட்டின் வரலாற்றை எழுதி வைக்கும் பலகையில் அதிகாரிகளின் பெயர்களோடு, அந்தக் காட்டின் மக்கள் யார் என்பதையும் எழுதுங்கள்.

வாசகர்களுக்குச் சில வார்த்தைகள். காப்பகத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் மட்டும் பதிவு செய்யுங்கள். இடைத்தரகர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். சிறு குழுவாகப் போங்கள். பழுப்பு, பச்சை நிறத் துணி, ஒரு போர்வை, தண்ணீர்ப் பாட்டில், டார்ச் போதும். பாட்டுப் பெட்டியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். விலங்குக்குத் தின்பண்டம் கொடுக்காதீர்கள், குரங்குக்கும்கூட. கொண்டுபோன குப்பையைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். கிளம்பும்போது சமைத்துப் போட்டவருக்கும் காவல் இருந்தவருக்கும் நேரில் நன்றி சொல்லுங்கள். பார்வையாளர் புத்தகத்தில் ‘வசதி போதாது’ என்று எழுதும் முன் ஒருமுறை யோசியுங்கள். வீடு பழைய மாதிரியே இருந்தது, மகிழ்ச்சி என்று உண்மையிலேயே தோன்றினால் அதைக் கட்டாயம் எழுதுங்கள். அடுத்த டெண்டரைத் தடுக்க அந்த ஒரு வரியால் முடியும்.

பழைய காட்டு பங்களாக்களில் தங்கிய அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். வனத்துறையில் வேலை பார்த்தவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் நம் வாசகர்களிடையே இருப்பது எனக்குத் தெரியும். அந்த வீடு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது, அங்கே யார் வேலை பார்த்தார்கள் என்று ஒரு பக்க அளவில் எழுதி அனுப்புங்கள். பழைய புகைப்படம் இருந்தால் நகலெடுத்து இணையுங்கள், அசலை அனுப்ப வேண்டாம். நல்ல கடிதங்களை வரும் இதழ்களில் வெளியிடுவோம். எல்லாவற்றையும் தொகுத்து வனத்துறைக்கும் அனுப்பிவைப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்